கட்டுச்சோற்றோடு வரும் நெருப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் இருப்பவர்களில் யாராவது ஒருவர் இன்னமும் ஜன்னல் வழியே கை நீட்டுகிறார். "இங்கதான்" என்கிறார். எது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பதில்லை. 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரியில் வாங்கிய நாட்டு வெடி மூட்டைகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போன ஒரு தகப்பனும் அவருடைய 7 வயது மகனும், எல்லையைத் தாண்டிச் சற்று தூரத்தில், மூட்டை வெடித்து அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். தெருக் கேமராவில் பதிவான காட்சி அன்றைக்கே எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், யாருமே பத்தவைக்கலையே, அப்புறம் எப்படி சார் வெடிச்சுது?"

பாடப் புத்தகத்தில் தீ முக்கோணம் என்று ஒரு படம் உண்டு. எரிபொருள், சூடு, ஆக்சிஜன். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணையும். நம் வீடுகளில் எல்லாருக்கும் கைப்பழக்கமாகத் தெரிந்த வித்தை மூன்றாவதை எடுப்பது. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தட்டைப் போட்டு மூடுகிறோம். துணியில் தீப்பிடித்தால் கம்பளியால் சுற்றுகிறோம். குப்பை எரிந்தால் மண்ணை அள்ளிப் போடுகிறோம். மூடினால் அணையும் என்பது நமக்குள் அவ்வளவு ஊறிப்போன பாடம்.

ஆக்சிஜனேற்றிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றிடம் இந்தப் பாடம் செல்லாது. வெடியுப்பு, பொட்டாசியம் குளோரேட், அம்மோனியம் நைட்ரேட், பெர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பிளீச்சிங் பவுடர், நைட்ரிக் அமிலம் எல்லாம் அந்தக் கூட்டம்தான். பெரும்பாலானவை தாமாக எரிவதில்லை. ஆனால் ஆக்சிஜனைத் தமக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கின்றன. சூடோ உராய்வோ பட்டால், எண்ணெயோ சர்க்கரையோ மரத்தூளோ கந்தகமோ கலந்தால், அதை அவிழ்த்துவிடுகின்றன. வெளிக்காற்றை எதிர்பார்த்து நிற்கும் நெருப்பு இல்லை இது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தவனைக் கதவைச் சாத்திப் பட்டினி போட முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அந்த ஸ்கூட்டரில் இருந்த மூட்டையும் அப்படித்தான், உள்ளே எரிபொருளும் இருந்தது, அது எரிவதற்கான ஆக்சிஜனும் இருந்தது, மூன்றாவதாகச் சூடு மட்டும்தான் வர வேண்டியிருந்தது. தீக்குச்சி வேண்டாம், உராய்வே போதும்.

வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்துகாட்டுவேன். பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிறு கரண்டி பெர்மாங்கனேட், நடுவில் குழி பறித்துச் சில சொட்டு கிளிசரின். ஊற்றியவுடன் ஒன்றும் நடக்காது. பையன்கள் ஏமாந்துபோய், "என்ன சார், வேலை செய்யல?" என்று கிண்ணத்தை எட்டிப் பார்க்க முன்னே வருவார்கள். நான் கையை நீட்டித் தடுத்துக்கொண்டே நிற்பேன். அரை நிமிஷம், சில நாள் அதற்கும் மேல். மெல்ல வெள்ளைப் புகை வரும். பிறகு குப்பென்று ஊதா விளிம்போடு தீ எழும். அந்தக் கையைத் தடுப்பாக வைத்திருந்த நேரத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்லிக்கொடுக்க நினைத்தேன். சிந்தியது, ஒன்றும் ஆகவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற நேரம் அது. மனிதர்கள் அந்த நேரத்தில்தான் கிட்டே போகிறார்கள்.

என் தாய்மாமா இதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார். எங்கள் ஊர் புதுச்சேரியில் பஞ்சாலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம். விடிவதற்கு முன் சங்கு ஊதும், சைக்கிள்கள் கூட்டமாகப் போகும். மாமாவுக்கு ஒரு மில்லில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. துணியை வெளுக்க முதலில் பிளீச்சிங் பவுடர், பின்னாளில் ஹைட்ரஜன் பெராக்சைடு. 50 சதவீதப் பெராக்சைடு பெரிய நீலக் கேன்களில் வரும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வாசனையும் பெரிதாக இல்லை. அதன் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். உள்ளே பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும் என்பதால். புதிதாகச் சேர்ந்த ஒருவர், துளை வழியே கசிகிறதே என்று வேறொரு கேனின் இறுக்கமான மூடியைத் தேடிப் போட்டுத் திருகிவிட்டார். மறுநாள் காலை அந்தக் கேன் வயிறு உப்பி நின்றது. மாமா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் மேஸ்திரியைக் கூப்பிடப் போனார்.

இன்னொரு நாள் கேன் சாய்ந்து மரப் பலகை மேலும் பஞ்சுக் கழிவு மேலும் கொட்டிவிட்டது. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ஒருவர் அதன் மேல் மரத்தூளையும் சாக்கையும் போட்டு மூடினார். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது சாக்குக்கு அடியில் புகை. அங்கேதான் மாமா கத்தினாராம். "மூடாதீங்கடா, தண்ணிய ஊத்துங்க! ஊத்திக்கிட்டே இருங்க!" குழாயைத் திறந்துவிட்டுத் தரை முழுக்க ஓடவிட்ட பிறகுதான் அடங்கியது. ஒருவர் வேட்டியிலும் தெறித்திருந்தது. அவர் அவிழ்க்கப் போனபோது மாமா அவரை அப்படியே குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். முதலில் நனை, அப்புறம் அவிழ். அவிழ்த்து ஒரு மூலையில் எறிந்த துணி காய்ந்த பிறகு தானே பற்றிக்கொள்ளும். இன்றைக்கு அவசரகாலக் கையேடுகளில் அதே வாக்கியம் இருக்கிறது: ஆக்சிஜனேற்றி பட்ட உடையைக் கழற்றும் முன் தண்ணீரால் அலசு, உலர்ந்தால் தீப்பிடிக்கும். தோலிலும் கண்ணிலும் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவு.

"மாப்ள, இதுக்கு மூணே மூணு விரோதி. சூடு, எண்ண, குப்ப," என்பார் மாமா. நான் பள்ளி ஆய்வகத்தில் சேர்ந்தபோது அலமாரியில் புட்டிகள் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தன. அசிட்டோன், அதற்கு நாலைந்து புட்டி தள்ளி அம்மோனியம் நைட்ரேட். மரப் பலகை வேறு. தேடி எடுக்க அந்த வரிசை சௌகரியம்தான். மாமாவின் மூன்று விரோதிகள் நினைவுக்கு வந்ததால் நைட்ரேட், குளோரேட், பெர்மாங்கனேட் எல்லாவற்றையும் பிரித்துத் தனி இரும்பு அலமாரிக்குக் கொண்டுபோனேன். ஸ்பிரிட், அசிட்டோன் எதிர்ச் சுவரில். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ பள்ளி ஆய்வகங்களில் இன்றும் அகரவரிசைதான் நடக்கிறது. இதை வாசிக்கிற ஆய்வக உதவியாளர் யாராவது இருந்தால் ஒரு மதிய நேரம் ஒதுக்கினால் போதும், மாற்றிவிடலாம்.

மில்களில் பலவும் மூடிப்போயின. ஆக்சிஜனேற்றிகள் ஊரைவிட்டுப் போகவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயல் எங்கள் பக்கத்து மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. புயல் என்றதும் எனக்கு அடுத்து நினைவுக்கு வருவது பிளீச்சிங் பவுடர்தான். வெள்ளம் வடிந்ததும் ஊருக்குள் முதலில் வருவது அந்த வாசனை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த தெருக்களில் வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டு போனார்கள். நல்ல காரியம், அது இல்லாவிட்டால் வாந்திபேதிதான். ஆனால் அந்த மூட்டைகள் வைத்திருந்த ஒரு கொட்டகையை எட்டிப் பார்த்தேன். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பாதி நனைந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே கொசு மருந்து அடிக்கும் இயந்திரத்துக்கான டீசல் கேன், கந்தல் துணி, தேங்காய் மட்டை. ஒரு மூட்டை மேல் கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஈரம் பட்ட பிளீச்சிங் பவுடர் உள்ளுக்குள் சூடேறும், குளோரின் விடும். பக்கத்தில் டீசல் இருந்தால் சூட்டோடு நிற்காது. அங்கிருந்த தொழிலாளி அம்மாவிடம் சொன்னேன். "அய்யோ, இதுவா சார்? இது சுண்ணாம்பு மாதிரிதானே" என்றவர், உடனே இன்னொருவரைக் கூப்பிட்டு டீசல் கேனை வெளியே எடுத்துவைத்தார். யாரும் அவருக்கு அதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஓட்டல்கள் பெருகிவிட்டன. நீச்சல் குளங்களும். குளத்துக்குப் போடும் குளோரின் பிளீச்சிங் பவுடரைவிட இரண்டு மடங்கு வீரியமானது. அதில் இரண்டு மூன்று வகை உண்டு. ஒரு வகையை அள்ளிய அகப்பையை இன்னொரு வகை டப்பாவில் விட்டாலே தீப்பிடித்துவிடும். அந்த டப்பாக்கள் வைக்கும் அறையின் சுவரில் ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் தொங்குகிறது. உள்ளே இருப்பது உலர்ந்த ரசாயனப் பொடி. பெட்ரோலுக்கும் மரத்துக்கும் நல்லது. குளோரின் டப்பா எரியும்போது அதை அடிக்கக் கூடாது. மூடி அணைக்கிற வேலை இங்கே பலிக்காது என்பது ஒன்று. அந்தப் பொடியில் உள்ள அம்மோனியம் உப்பு குளோரினோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகலாம் என்பது அதைவிடப் பெரியது. ஆட்களை வெளியேற்று, தீயணைப்புத் துறையைக் கூப்பிடு, தூரத்தில் இருந்து ஏராளமான தண்ணீர். வேறு வழியில்லை. வீட்டில் கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டித் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். பளிச்சென்று போகும் என்று நம்புகிறார்கள். குளோரின்தான் கிளம்பும், காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக.

கழிவறை என்றதும் ரெட்டியார்பாளையம் புதுநகர் நினைவுக்கு வராமல் இருக்காது. 2024 ஜூன் 11. பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியே வந்த விஷவாயு. வயதான அம்மா மயங்கி விழுந்தார், தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் 15 வயதுப் பெண் ஒருத்தியும். மூன்று பேரும் இறந்தார்கள். அது ஆக்சிஜனேற்றியால் வந்தது இல்லை, சாக்கடை வாயு. ஆனாலும் அதை ஒதுக்கி வைக்க என்னால் முடியவில்லை. பெற்ற தாய் விழுந்து கிடக்கும்போது எந்த மகள்தான் வாசலில் நிற்பாள்? நில், முதலில் உனக்குக் காற்று வேண்டும் என்று நாம் யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆக்சிஜனேற்றிகளுக்கே திரும்புகிறேன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அவருடைய மகன் பிரான்சில் துலூஸ் நகரத்தில் குடியிருந்தார். 2001 செப்டம்பர் 21. அன்று மகனிடமிருந்து போன் வந்தபோது நான் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தேன். "கண்ணாடியெல்லாம் உடைஞ்சிடுச்சு நைனா, நாங்க நல்லா இருக்கோம்" என்று அவர் சொன்னதைத் தாத்தா எங்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னார். துலூஸின் உரத் தொழிற்சாலையில் சுமார் 300 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்திருந்தது. 31 பேர் இறந்தார்கள். தொழிற்சாலையின் பெயர் ஆசெட்எஃப்.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றித் தாத்தா அன்று இரவு சொன்ன கதை பழையது. 1947 ஏப்ரல் 16. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் நின்ற கப்பல் பிரெஞ்சுக்காரர்களுடையது, கிராங்கான் என்று பெயர். உள்ளே காகிதப் பைகளில் அம்மோனியம் நைட்ரேட் உரம், 2,000 டன்னுக்கு மேல். காலை எட்டு மணி வாக்கில் சரக்கறையில் புகை தெரிந்தது. தண்ணீர் அடித்தால் சரக்கு வீணாகிவிடும் என்று கப்பலின் மேல்மூடிகளை இறுக்கிச் சாத்தி உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். மூடினால் அணையும் என்கிற அதே பாடம். நீராவி உள்ளே சூட்டைத்தான் கூட்டியது. 9 மணி 12 நிமிஷத்துக்குக் கப்பல் வெடித்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஒருவரைத் தவிர அனைவரும் போய்விட்டார்கள். மூன்றரை மாதத்துக்குள், ஜூலை 28 அன்று, பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இன்னொரு கப்பல் அதே சரக்கோடு வெடித்தது. அங்கேயும் முதலில் மூடிகளைச் சாத்தினார்கள். தாத்தாவுக்கு வேதியியல் தெரியாது. "மூடுனதுதான் தப்பு தம்பி" என்று மட்டும் சொன்னார். மாமா மில்லில் கத்தியதும் அதுதான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த உப்புகளுக்கும் உள்ள சம்பந்தம் நம் ஊரையும் தொட்டுப் போகிறது. வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். நல்ல வெடியுப்பு பீகாரில் கிடைத்தது. 1757-இல் வங்காளத்துச் சந்திரநாகூரையும் 1761-இல் புதுச்சேரியையும் ஆங்கிலேயர் பிடித்தபின் பிரான்சுக்கு அந்த வழி அடைபட்டது. 1775-இல் வெடிமருந்து நிர்வாகத்தை லவாய்சியே கையில் கொடுத்தார்கள். ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த அதே லவாய்சியே. அவருடைய நண்பர் பெர்த்தொலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டுபிடித்தார். வெடியுப்புக்குப் பதிலாக இதைக் கந்தகத்தோடும் கரியோடும் சேர்த்து இடித்தால் என்ன என்று 1788 அக்டோபர் 27 அன்று எசோன் வெடிமருந்து ஆலையில் பார்த்தார்கள். லவாய்சியேயும் அவர் மனைவியும் பெர்த்தொலேயும் சற்று நகர்ந்திருந்த நேரத்தில் அது வெடித்தது. அங்கிருந்த இருவர் இறந்தார்கள்.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் தேய்த்தாலே வெடிக்கும் என்று உலகம் அன்றே அறிந்தது. இந்திய அரசு அந்தக் கலவையை வெடிகளில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது 1992 ஜனவரியில். சிவகாசியின் உரிமம் பெற்ற ஆலைகள் வேறு உப்புகளுக்கு மாறின. உரிமம் இல்லாத கொட்டகைகளில் யார் போய்ப் பார்ப்பது? சாவு ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சணல் சுற்றிய நாட்டு வெடி இல்லாமல் எங்கள் பக்கம் காரியம் நடப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் அம்மிக்குப் பக்கத்தில் உருட்டி, முற்றத்தில் ஓலைப்பாயில் காயவைத்து, அதே வீட்டுக்குள் மூட்டை கட்டி வைப்பதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, கூலிக்காரர்கள். 2020 செப்டம்பர் 4 அன்று கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் வெடி ஆலை வெடித்து இறந்தவர்கள் பெண்கள். ஒரு வருஷம் கழித்து கோட்டக்குப்பம். ஸ்கூட்டரில் வைக்கப்பட்ட மூட்டையை எந்தச் சட்டமும் எட்டவில்லை, அதில் எந்தச் சீட்டும் இல்லை. அந்தத் தகப்பனுக்கு அதன் உள்ளே என்ன என்று தெரிந்திருந்தால் மகனை அதன் பக்கத்தில் உட்கார வைத்திருக்க மாட்டார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே இருக்கும் பொருளின் பெயர் தெரியாமல் போனதால் இறந்தவர்கள் என்று ஒரு பெரிய பட்டியலே போடலாம். 2020 ஆகஸ்ட் 4, பெய்ரூட் துறைமுகம். கிடங்கில் தீ என்று அழைப்பு வந்து பத்துப் பேர் போனார்கள். ஒன்பது தீயணைப்பு வீரர்கள், ஒரு மருத்துவ உதவியாளர் பெண். உள்ளே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிட்டத்தட்ட ஆறு வருஷமாகக் கிடந்தது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கிடங்கின் கதவைத் திறக்க முயல்கிற படம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. பத்துப் பேரும் திரும்பவில்லை. 2013 ஏப்ரல் 17, டெக்சாஸின் வெஸ்ட் என்ற சிற்றூர் உரக் கிடங்கு: 15 பேர் இறந்தார்கள், அதில் 12 பேர் தீயை அணைக்க வந்தவர்கள். 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் இறந்த 173 பேரில் பாதிக்கு மேல் தீயணைப்பு வீரர்கள்.

பெய்ரூட்டுக்குப் பிறகுதான் சென்னை மணலியில் கண்டெய்னர் நிலையத்தில் 2015-இல் பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட் கிடப்பது பேச்சானது. சுமார் 740 டன். 2012-இலேயே அம்மோனியம் நைட்ரேட் விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் வழக்கும் ஏலமுமாக ஐந்து வருஷம் கடந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு பகுதி கெட்டுப்போனது போக மிச்சம் 697 டன்னை 2020 ஆகஸ்டில் ஐதராபாத்துக்கு லாரி லாரியாக அனுப்பினார்கள். பக்கத்துக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கண்டெய்னர்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

லாரி என்றதும் ஒரு விஷயம். காலாப்பட்டு ஆலைகளுக்கும் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளுக்கும் வரும் ரசாயன லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அதன் பலகையைப் படிக்கச் சொல்லி மாணவர்களைப் பழக்கினேன். மஞ்சள் நிறச் சாய்சதுரம், அதில் ஒரு வட்டத்தின் மேல் தீக்கொழுந்து, கீழே 5.1 என்ற எண். அதுதான் ஆக்சிஜனேற்றி. பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 1942. பெராக்சைடுக்கு 2014. பெர்மாங்கனேட்டுக்கு 1490. நீச்சல் குளத்துக்குப் போடும் உலர்ந்த கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு 1748. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்ட வருஷமும் அதுதான் என்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது மறப்பதே இல்லை. அந்த எண்ணும் பெயரும் அவசர போன் நம்பரும் வண்டியில் எழுதியிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. விபத்தானால் என்ன செய்வது என்று சொல்லும் டிரெம் கார்டு என்ற அட்டையும் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில். அட்டை இருக்கிறது, பல நேரம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

அப்படி ஒரு லாரி உங்கள் கண்ணெதிரே கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்? வட அமெரிக்க நாடுகள் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டில் இந்த வகைக்கு எழுதியிருப்பதை நான் வகுப்பில் சொன்னபடியே சொல்கிறேன். திடப்பொருள் சிந்தியிருந்தால் குறைந்தது 25 மீட்டர், திரவம் என்றால் 50 மீட்டர் தள்ளி நில், மற்றவரையும் நிறுத்து. பெருமளவு கொட்டியிருந்தால் 100 மீட்டர். லாரியே தீயில் சிக்கிவிட்டால் 800 மீட்டர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் பாதி நீளத்துக்கு மேல். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், மேடான இடம். படம் பிடிக்கப் போகாதே. சரக்கு சூடாகிவிட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு வேறிடம் போகாதே. சிந்தியதன் மேல் மரத்தூள், வைக்கோல், சாக்கு, காகிதம் எதையும் போடாதே. ஆலைத் தொழிலாளியாக இருந்தால், சுத்தமான காய்ந்த கரண்டியால் சுத்தமான காய்ந்த பாத்திரத்தில் எடுத்து மூடியை இறுக்காமல் தளர்வாக வை. எடுத்ததைப் பழைய மூட்டையிலேயே திருப்பிக் கொட்டாதே. தீயணைப்பவர்கள் வெள்ளமாகத் தண்ணீர் அடிப்பார்கள், தூரத்திலிருந்து. பொடியும் நுரையும் வேண்டாம். தீ பெரிதாகிவிட்டால் அவர்களும் பின்வாங்கி அதை எரியவிடுவார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். டெக்சாஸிலும் பெய்ரூட்டிலும் அப்படிப் பின்வாங்கியிருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

தண்ணீர் என்று இவ்வளவு சொன்னாலும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. சோடியம் பெராக்சைடு போன்ற சில, தண்ணீர் பட்டாலே சீறும். பிளீச்சிங் பவுடரில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது எதையும் தெளிக்காமல் இருப்பதைவிட மோசம். இதனால்தான் திரும்பத் திரும்பப் பெயருக்கே வருகிறேன். தீயணைக்க வருகிறவருக்குப் பெயர் தெரிந்தால் எது வேண்டும், எது கூடாது என்று தெரியும். கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தபோது, திருகு இறுகிப்போனதென்று தேங்காய் எண்ணெய் விடப் போன ஒரு பெரியவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். "எண்ணெயும் ஆக்சிஜனும் சேரக் கூடாதுங்க ஐயா" என்று ஒரு வரி சொன்னால் போதுமாக இருந்தது. அவர் உடனே கையைத் துடைத்துக்கொண்டார், பூஜை விளக்கையும் அடுத்த அறைக்கு எடுத்துப்போனார்.

சொன்னால் கேட்கிறார்கள். கொட்டகை அம்மா கேட்டார், இந்தப் பெரியவர் கேட்டார், பிள்ளைகள் கேட்டார்கள். சொல்லாமல் விட்டதுதான் குறை.

ஆகவே நீச்சல் குள அறை வைத்திருக்கும் ஓட்டல்காரர்களுக்கும், ரசாயனக் கடைக்காரர்களுக்கும், உரக் கிடங்கு நடத்துபவர்களுக்கும், பள்ளி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும், பிளீச்சிங் பவுடர் அடுக்கும் அலுவலகங்களுக்கும் நான் கேட்பது இது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அறையின் வெளிக்கதவில் எழுதுங்கள். தமிழில், தெருவிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில். இரவில் பூட்டிக்கொண்டு போனாலும் வருகிறவர் படிக்க வேண்டும். தீ என்றால் 101-ஐயோ 112-ஐயோ அழைக்கும்போது இடத்தைச் சொன்ன கையோடு பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.

வருகிறவரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை. கதவைத் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பது என்ன என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு.